ஏரிக்கரைப் பெட்டி, கடற்கரைப் பொம்மை

பொன்னேரி சாலை

பழவேற்காட்டுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பூநாரை பார்க்கப் போகிறார்கள். மீதிப்பேர் நண்டு தின்னப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னேரி டீக்கடை ஓரம் நிற்கும் சென்னைக் கார்களுக்குள் எட்டிப் பார்த்தால் போதும். ஒன்றில் தொலைநோக்கி இருக்கும், அடுத்ததில் காலி ஐஸ் பெட்டி இருக்கும். நான் இரண்டையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஏரிக்கரையில் முஸ்லிம் பெண்கள் கூடி உட்கார்ந்து பனையோலையில் பெட்டியும் கிலுகிலுப்பையும் முடைகிறார்கள். அதே கடலோரம் தெற்கே, புதுச்சேரியை ஒட்டிய குப்பங்களில், சுனாமிக்குப் பிறகு மீனவப் பெண்கள் துணிப் பொம்மை செய்யத் தொடங்கினார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். ஓலை எங்களுக்குப் புதிதில்லை. கல்யாணச் சீர் பரப்புகிற அன்று பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் நடுவே வண்ண வண்ணமாகக் கொட்டான்கள் அடுக்கியிருப்பார்கள். ஆச்சிமார் மத்தியானத்தில் முற்றத்து ஓரம் உட்கார்ந்து முடைந்தவை அவை. பிளாஸ்டிக் வாளி வந்த பிறகு அந்தக் கையெல்லாம் ஓய்ந்துவிட்டது. பிற்பாடு விசாலாட்சி ராமசாமி போன்றவர்கள் முனைந்து கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்ததில் கொட்டான் மறுபடி எழுந்து, செட்டிநாட்டுக் கொட்டான் என்று புவிசார் குறியீடும் வாங்கியது. ஆனால் எங்கள் ஊரில் அது செல்வத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கைவேலை. சோற்றுக்காக முடைகிற ஓலையை நான் அருகில் இருந்து பார்த்ததில்லை.

பொன்னேரி தாண்டியதும் வயல் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறிப் போகிறது. பிறகு சாலையின் இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். செம்மண்ணும் ஊருணியும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒரு குடம் குடிக்க இல்லை என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆகும். பெண்கள் காலிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பழவேற்காடு பஜார்

பஜாரில் இறங்கினால் முதலில் மூக்கில் அடிப்பது கருவாடு. அதற்கடுத்து பேக்கரி வாசனை. கரையோரம் ஏலம் நடக்கிறது. இறாலைக் கூறு கட்டி வைத்திருக்கிறார்கள். நண்டுகளின் கொடுக்கைக் கயிற்றால் கட்டிப் போட்டிருக்கிறார்கள். ஏலம் கூவுகிறவர் ஆண், எடுத்துக் கொடுப்பவர் ஆண், எழுதுகிறவர் ஆண். அன்னக்கூடையை இடுப்பில் வைத்து வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் பெண்கள். ஏலம் முடிந்து, மீனைக் கழுவி, பஸ் ஏறி, தெருத்தெருவாக விற்றுக் காசாக்குகிற பொறுப்பு மட்டும் அவர்களுடையது.

ஊருக்கு நடுவே ஒல்லாந்தர் கல்லறை. தொல்லியல் துறையின் பூட்டுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே பெரிய பெரிய பலகைக் கற்கள். குடும்பச் சின்னம், பிறந்த தேதி, இறந்த தேதி, வகித்த பதவி என்று ஒன்றையும் விடாமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்துக் கம்பெனிக்கு இதுதான் தலைநகரம். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறையின் எழுத்து மட்டும் அழியாமல் நிற்கிறது.

அவர்கள் இங்கே வந்தது மீனுக்கு இல்லை, துணிக்கு. கிராம்பும் ஜாதிக்காயும் விளைகிற கிழக்குத் தீவுகளில் வெள்ளிக்காசைவிட இந்தக் கரையின் துணிக்குத்தான் கிராக்கி. சாயவேரில் ஊறிய சிவப்பும், கட்டம் போட்ட கைக்குட்டையும் இங்கிருந்து கப்பலேறின. கட்டம் போட்ட அந்தச் சதுரத் துணி எங்கெல்லாம் போனது என்று தேடிப் பார்த்தால் தலை சுற்றும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் இதைப் பார்த்து நெய்து, ‘புலிகாட்’ என்று இந்த ஊர்ப் பெயரிலேயே விற்றார்கள். கரீபியன் தீவுகளில் கறுப்பினப் பெண்கள் இதன் உறவுத் துணியான மதராஸ் கட்டத்தைத் தலையில் கட்டினார்கள். மார்த்தினிக் தீவில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் துணிப் பொம்மைகள் இன்றும் அந்தக் கட்டத்தைத்தான் உடுத்தியிருக்கின்றன. மெக்சிகோவில் கழுத்தில் கட்டுகிற சிவப்புக் கைக்குட்டைக்குப் பெயரே ‘பலியகாத்தே’. 1994-இல் அங்கே சியாபாஸ் மலையில் சபாத்திஸ்தா கிளர்ச்சியாளர்கள் எழுந்தபோது முகத்தை மறைக்கக் கட்டியதும் அதுதான். அந்த எழுச்சிக்குப் பிறகு அங்குள்ள மாயா இனப் பெண்கள், தாங்கள் சந்தையில் விற்று வந்த துணிப் பொம்மைகளுக்குக் கறுப்பு முகமூடி மாட்டினார்கள். சில பொம்மைகளுக்குச் சிவப்புக் கைக்குட்டையும் கட்டிவிட்டார்கள்.

ஆக, உலகத்தின் மறுகோடியில் ஒரு பெண் தைக்கிற பொம்மையின் கழுத்தில் இந்த ஊர்ப் பெயர் இருக்கிறது. இந்த ஊரிலோ அந்தக் கைக்குட்டையைக் கேட்டால் பஜார் துணிக்கடைக்காரர் ஈரோட்டுத் துண்டை எடுத்துப் போடுகிறார். அதை நெய்தவர்கள், சாயம் தோய்த்தவர்கள் ஒருவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை. துணியோடு ஆட்களையும் ஏற்றினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஞ்ச காலத்தில் பிடித்தும் வாங்கியும் படேவியாவுக்குக் கப்பலேற்றிய அடிமைகளில் பெரும்பாலோருக்குக் கம்பெனிக் கணக்கில் எண்ணிக்கை மட்டுமே மிஞ்சியது.

ஓலை முடையும் வீடு

பள்ளிவாசலைத் தாண்டி இரண்டு சந்து திரும்பினால் திண்ணை வைத்த ஓட்டு வீடு. வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. ‘உள்ள வாங்கக்கா, வெயில்ல நிக்காதீங்க’ என்று ஒரு குரல் வந்த பிறகுதான் இருட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கண்ணுக்குப் பிடிபட்டது. பாய் விரித்து, சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, பத்துப் பன்னிரண்டு பெண்கள். கல்லூரிப் படிப்பை முடித்த பெண்ணும் இருந்தாள், பல் போன கிழவியும் இருந்தார். யாரும் என்னைப் பார்த்து வேலையை நிறுத்தவில்லை. அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது.

பனங்குருத்தைத்தான் எடுக்கிறார்கள். முற்றிய ஓலை முறியும், பச்சை ஓலை சுருங்கும். குருத்தை விரித்துக் காயவைத்து, நடு ஈர்க்கை உரித்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்க ஓலையையும் ஒரே அகலத்துக்குக் கிழிக்க வேண்டும். அதற்கு ஒரு சின்னப் பிளேடு போதும். அளவுகோல் கிடையாது. எனக்கு எதிரே இருந்த பெரியம்மா இடது கட்டைவிரல் நகத்தால் ஓலையில் ஒரு கீறல் போட்டார். பிளேடு அந்தக் கோட்டிலேயே சர்ரென்று நுனிவரை போனது. இன்னொரு கீறல், இன்னொரு சர். பத்து இழை கிழித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒரு இழைகூட வெளியே நீட்டவில்லை. ‘நகம் வெட்டிட்டா அன்னிக்கு வேலை இல்ல’ என்று சிரித்தார்.

சாயம் கொல்லைப்புறத்தில். அண்டாவில் தண்ணீர் தளதளக்கும்போது சாயப்பொடியைக் கரைத்து ஓலையைச் சுருளாக உள்ளே விடுகிறார்கள். ரோஜா நிறம், கத்திரிப்பூ நிறம், பச்சை, மஞ்சள். எடுத்து நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும், ஓலையும் முறுக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அதற்குக் கீழே பிள்ளைகளைப் படுக்கவைப்பார்களாம். பூசணம் பிடித்துவிட்டால் மொத்தமும் அடுப்புக்குத்தான்.

பெட்டிக்கு அடிதான் உயிர். நான்கு மூலையும் எழும்புகிற இடத்தில் இழை இறுகாவிட்டால் மூடி உட்காராது. புதிதாக வந்த பெண் ஒருத்தி முடைந்த பெட்டியை வாங்கிப் பார்த்த பெரியம்மா, ஒன்றும் பேசாமல் பாதிவரை பிரித்து அவள் மடியில் போட்டார். அவள் முகம் சுருங்கியது. கை மட்டும் மறுபடி தொடங்கியது. நிக்காஹ் வீட்டில் பலகாரம் கொடுத்தனுப்ப, சாமான் போட்டு வைக்க என்று தங்கள் வீட்டுக்கு முடைந்துகொண்டிருந்தவர்கள்தான் இவர்களின் பாட்டிமார்கள். வீட்டை விட்டு வெளியே போய் வேலை பார்க்கிற வழக்கமில்லாத குடும்பங்களில் வெளிக்காசு உள்ளே வர இந்த ஓலை ஒரு வாசலாக இருந்தது. பிறகு கூட்டுறவு, பயிற்சி, சென்னைக் கண்காட்சி எல்லாம் வந்தன. இன்று பேனாக் கூடு, கைப்பை, கம்பெனிக்காரர்கள் தீபாவளிக்கு இனிப்பு வைத்துக் கொடுக்கும் பெட்டி என்று ஆர்டரைப் பொறுத்து வேலை.

மூலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையக் கிலுகிலுப்பை, மீன், கிளி. வெட்டிய ஓலையில் மிஞ்சிய துண்டுகளில் செய்தவை. ‘இதுக்குக் காசு போடுறதில்ல. பெட்டி வாங்குனா ஒண்ணு சும்மா குடுப்போம்’ என்றாள் கணக்குப் பார்க்கிற பெண். அவள் கையில் நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், தேதி, எத்தனை பெட்டி, எவ்வளவு தொகை, கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குக் கைநாட்டு. அப்படி நாலைந்துதான் இருந்தன.

‘எல்லாம் எழுதுங்க. பேரு மட்டும் போடாதீங்க’ என்றாள் பிறகு. ஏன் என்று கேட்டேன். ‘எங்க பேரு இந்த நோட்டுல இருந்தா போதும்க்கா. காசு இதைப் பாத்துத்தான் வருது.’

நான் அங்கே இருந்தபோதே சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அம்மையார், ஓலைதானே என்று பாதி விலைக்குக் கேட்டார். கார் நிறைய நண்டு வாங்கியிருந்தார்கள். நண்டுக்காரனிடம் இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். கணக்குப் பெண் மரியாதையாகவே மறுத்தாள். கடைசியில் அவர்கள் இரண்டு கிளியை மட்டும் கேட்டு வாங்கிப் போனார்கள், சும்மாதான்.

ஏரி

படகுத்துறையில் ஃபைபர் படகு. ஓட்டிய தம்பிக்கு இருபது வயது இருக்கும். நான் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ‘பயப்படாதீங்கக்கா, இங்க ஆழம்னு ஒண்ணும் கெடையாது. வுழுந்தா எழுந்து நின்னுக்கலாம்’ என்றான். பொய்யில்லை. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது, சில்காவுக்கு அடுத்தது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். பல இடங்களில் ஆழமோ இடுப்பளவுதான். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழியால் ஊன்றித் தள்ள வேண்டிய இடங்களும் உண்டு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. கிழக்கே நீளமாகக் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவுதான் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நிற்கும் சுவர். ‘ராக்கெட் விடுற அன்னிக்கு எங்களக் கடலுக்கு விட மாட்டாங்க. கரையில நின்னு கை தட்டுவோம். அன்னிக்கு சோறு கைதட்டலு’ என்றான் தம்பி.

பூநாரைகள் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. கிட்டே போகச் சொல்லவில்லை. எஞ்சின் சத்தத்துக்கு அவை எழும்பினால் இரை கெடும் என்று அவனே வேறு பக்கம் திருப்பினான்.

அந்தப் பக்கம் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்துகொண்டிருந்த தலைகள் தெரிந்தன. இருளர் பெண்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடப் பறி. அந்தப் பறியின் வாய்க்கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஏனென்றால் இரண்டு கையும் சேற்றில். மணிக்கணக்காக இப்படியே. பேச முடியாது. எங்களைப் பார்த்து ஒருத்தி தலையை மட்டும் ஆட்டினாள். ஓலை வீட்டில் அத்தனை பேச்சைக் கேட்டுவிட்டு வந்த எனக்கு, வாயைக்கூட வேலைக்குக் கொடுத்துவிட்ட இந்தப் பெண்களைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஏரியில் மீன்பிடி இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ முறையைப் பற்றிக் கேட்டதும் தம்பி உற்சாகமானான். ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். அவற்றை அடித்துப் பிடித்துக்கொள்ளாமல், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்திருக்கின்றன. ஊருக்கு ஊர் முறை. ஊருக்குள் சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முடிவாகும். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு மோசமான இடம் வரும். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளிலிருந்து வந்து எழுதிவிட்டுப் போன ஏற்பாடு. நானும் படித்து வியந்ததுதான்.

‘தலைக்கட்டு லிஸ்ட்ல பேரு இருந்தாத்தான் சீட்டு’ என்றான். தலைக்கட்டு என்றால் ஆண்தானே என்றேன். இதென்ன கேள்வி என்று பார்த்தான். ‘பின்ன?’

லைட்ஹவுஸ் பக்கம்

பாலத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் மணலும் சவுக்கும். முகத்துவாரம் அங்கேதான் இருக்கிறது, இருக்கவும் மறுக்கிறது. கடலும் ஏரியும் சந்திக்கும் அந்த வாயில் மணல் வந்து அடைத்துக்கொண்டே இருக்கும். வாய் அடைந்தால் கடல் மீன் ஏரிக்குள் வராது, இறால் குஞ்சு வளராது, படகு வெளியே போகாது. மீனவர்களே மண்வெட்டியோடு இறங்கி வெட்டிய ஆண்டுகள் உண்டு. நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கற்சுவர் போட வேண்டும் என்பது இவர்களுடைய பல வருடக் கோரிக்கையாக இருந்தது. தெற்கே எண்ணூரும் காட்டுப்பள்ளியும் துறைமுகங்களாகிவிட்ட பிறகு கடலின் போக்கே மாறிவிட்டது என்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

மத்தியானச் சாப்பாடு ஒரு மீனவர் வீட்டில். மடவை மீன் குழம்பு, மண்சட்டியில். ஏரி மடவைக்கும் கடல் மடவைக்கும் ருசி வேறு என்று அந்த வீட்டு அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை. இரண்டாவது துண்டில் நம்பினேன். கொழுப்பு அதிகம், முள்ளும் அதிகம். குழம்பில் தேங்காய் இல்லை. புளியும் மிளகாயும் பச்சை மாங்காயும்தான். காரைக்குடியில் எங்களுக்கு மீன் தொண்டியிலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் ஐஸில் படுத்து வரும். மசாலாவை அரைத்து அரைத்துத்தான் அதை எழுப்புவோம். இங்கே மசாலா ஒதுங்கி நிற்கிறது. நண்டு வறுவலும் வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுதினால் கட்டுரை திசைமாறிவிடும்.

சாப்பிட்ட பிறகு, சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஐப் பற்றி அந்த அக்காவே பேச்சை எடுத்தார். தண்ணீர் பின்வாங்கியதைப் பார்க்க ஓடிய பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, பாத்திரம் எடுக்க எழுந்து போய்விட்டார். நிவாரணம் வந்த கதையைத் திரும்பி வந்து முழுசாகச் சொன்னார். லாரி லாரியாகப் பழைய துணி. ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கம்பளி ஸ்வெட்டர்கூட இருந்ததாம். ‘கிழிஞ்ச துணிய வச்சிக்கினு நாங்க இன்னா பண்றது? வலையாவது குடுத்திருக்கலாம்.’

கிழக்குக் கடற்கரைச் சாலை

சென்னையை ஊடுருவிக் கடந்து மாமல்லபுரம் தாண்டும்வரை சொல்ல ஒன்றுமில்லை. கேளிக்கைப் பூங்கா, ரிசார்ட், சுவர். கடலோரச் சாலை என்று பெயர், கடல் தெரிவது அபூர்வம். மரக்காணத்தில் உப்பளம் வந்ததும்தான் மூச்சு விட்டேன். பாத்தியில் உப்பை வாரிக் கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தார்கள். கட்டம் போட்ட துண்டு.

பொம்மையார்பாளையம்

புதுச்சேரிக்குச் சற்று முன்னால், சாலைக்குக் கிழக்கே மீனவக் குப்பங்கள், மேற்கே மேட்டில் ஆரோவில். சுனாமி வந்தபோது மேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே வலையும் படகும் போயின. ஆரோவில்லில் உபாசனா என்ற துணி வடிவமைப்பு நிறுவனத்தை 1997-இல் தொடங்கி நடத்திவந்தவர் உமா பிரஜாபதி, பீகார்க்காரர். 2005 தொடக்கத்தில் அவரும் அவருடன் இருந்தவர்களும் குப்பத்துப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார்த்தி, தையல் அறையில் வெட்டியெறிந்த துணித் துண்டுகளைக் கொடுத்து, விரல் அளவுக்குக்கூட இல்லாத ஒரு பொம்மையைச் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். பொம்மைக்கு சுனாமிகா என்று பெயர். பெண்களுக்குக் கூலி உண்டு. பொம்மைக்கு விலை கிடையாது. யார் கேட்டாலும் அன்பளிப்புதான். விரும்புகிறவர்கள் தரும் நன்கொடையில் வேலை ஓடும். இப்படியே லட்சக்கணக்கான பொம்மைகள் உலகத்தின் பல நாடுகளுக்குப் போயின. சுனாமிகாவின் கதை ஒரு சின்னப் புத்தகமாகவும் பல மொழிகளில் வந்தது.

அந்த நாளில் பொம்மை செய்த அக்கா ஒருவரை அவர் வீட்டு வாசலில் சந்தித்தேன். இப்போது வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருக்கிறார். ஜாக்கெட் தைக்கிறார், சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறார். ‘அப்பல்லாம் கடல் சத்தம் கேட்டாலே வயித்தக் கலக்கும். ஊட்ல தனியா இருக்க முடியாது. இவங்க கூப்பிட்டதும் எதுக்குன்னுகூட கேக்கல, நாலு பேரோட ஒக்காரலாம்னு போயிட்டோம். மொத நாள் நான் செஞ்சது பொம்மையா, பஞ்சுப் பொட்டலமான்னு தெரியல.’ ஒருவர் தலையைச் சுற்றுவார், ஒருவர் கை கால் சேர்ப்பார், கண் வைக்க மட்டும் கை நடுங்காத ஒரு சின்னப் பெண். வேலை ஓட ஓட அழுகையும் வரும், ஊர் வம்பும் வரும். சில மாதத்தில் வம்பு அதிகமாகிவிட்டதாம்.

டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். என் சுண்டுவிரல் கணுவைவிடக் கொஞ்சம் பெரிது. நூலில் முடி, கிழிசலில் பாவாடை, சிரிப்பு ஒரே தையலில். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். முடிச்சு அவ்வளவு நெருக்கமாகப் போட்டிருந்தது. நகத்தால் நெருடினாலும் நகரவில்லை. வலை முடிகிற வீட்டுப் பெண் போட்ட முடிச்சு.

விலையில்லாப் பொம்மை என்ற எண்ணத்தில் எனக்குப் பாதி உடன்பாடு, பாதி சந்தேகம். விலை போட்டிருந்தால் அது கடையில் ஒரு மூலையில் தூசி பிடித்திருக்கும், இத்தனை தூரம் போயிருக்காது என்பது சரி. பழவேற்காட்டில் அந்த அம்மையார் பெட்டிக்குப் பேரம் பேசிய விதத்தைப் பார்த்த பிறகு, விலையே இல்லாமல் இருப்பதன் கௌரவமும் எனக்குப் புரிகிறது. ஆனால் நன்கொடை வருகிற வேகத்துக்குத்தானே கூலியும் வரும்? பெருந்துயரம் பழசாகப் பழசாக அனுப்புகிற கைகளும் குறையும். ஓலைப் பெட்டிக்குத் தீபாவளி தவறாமல் வருகிறது. துணிப் பொம்மையைச் சுனாமியின் பெயரால் எத்தனை காலத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்க முடியும்? இதை அக்காவிடமே கேட்டேன்.

‘பொம்மையால நான் பணக்காரி ஆவல. ஆனா அதுக்கு முன்னால எனக்குன்னு ஒரு கையெழுத்து கெடையாது. கூலி நோட்டுலதான் மொத மொத போட்டேன். அப்புறம் பேங்க்குல, குழுவுல எல்லாம் அதான்’ என்றார். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிறகு அவர் முறை. நான் எங்கிருந்து வருகிறேன், பழவேற்காட்டில் என்ன செய்கிறார்கள், ஒரு பெட்டி முடைய எவ்வளவு நேரம், கையில் என்ன நிற்கும் என்று வரிசையாகக் கேட்டார். நான் வாங்கி வந்த பெட்டியை மூடியைக் கழற்றி, அடியைத் திருப்பி, மூலையை அழுத்திப் பார்த்தார். தங்கள் ஊர்ப் பக்கமும் பனை நிற்கிறது, குருத்து வெட்ட ஆள்தான் இல்லை என்றார். எனக்குத் தெரிந்த ஓலை விவரமெல்லாம் மூன்றாவது கேள்வியிலேயே தீர்ந்துவிட்டது. கணக்குப் பெண்ணின் எண் என்னிடம் இருந்தது. அவளை அழைத்து விஷயத்தைச் சொல்லி, போனை அக்கா கையில் கொடுத்தேன்.

ஐந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்துத் திண்ணையில் உட்கார்ந்தேன். அவர்கள் நலம் விசாரித்து, பிள்ளைகளை எண்ணி, வீட்டுக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டு, அப்புறம்தான் வேலைக்கு வந்தார்கள். அக்கா சாக்பீஸால் சிமெண்டுத் தரையில் ஏதோ குறித்துக்கொண்டே போனார். ஸ்பீக்கரில் அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது: ‘மொதல்ல சின்னப் பெட்டி போடாதீங்கக்கா, கை ஓடாது. பெரிசுல பழகிட்டு சின்னதுக்கு வாங்க. நகம் வெட்டாதீங்க.’

‘சாயம் எவ்ளோ நேரம் கொதிக்கணும்?’ என்று கேட்டார் இந்த அக்கா.